வீடே மக்தபாக இருந்த காலம்

பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாமல் வீட்டிலேயே கற்பிக்கத் தொடங்கியிருக்கும் பெற்றோர் சிலர், அண்மைக் காலமாக நம் திருவண்ணாமலையிலும் சுற்றுப்புற ஊர்களிலும் தென்படுகின்றனர். சிலருக்குப் பிள்ளை ஹிஃப்ழை முடிக்கும்வரை ஓரிரு ஆண்டுகள் வேண்டியிருக்கின்றன. சிலரால் கட்டணம் கட்ட முடியவில்லை. கொரோனா நாட்களில் பிள்ளை வீட்டில் நன்றாகப் படித்ததைக் கண்டு, அதையே தொடர்ந்தால் என்ன என்று எண்ணியவர்களும் உண்டு. காரணம் எதுவாயினும் மதரஸாவுக்கு வந்து நம்மிடம் அவர்கள் கேட்கும் முதற்கேள்வி பெரும்பாலும் ஒன்றே: "ஹஜ்ரத், யாரும் செய்யாத ஒன்றை நாங்கள் செய்கிறோமா?"

இந்தக் கேள்விக்கு வரலாற்றிலிருந்துதான் விடை சொல்ல வேண்டும். வீட்டில் கற்பது நம்மவருக்குப் புதியதன்று. நாடு முழுதும் எல்லாரும் ஒரே நேரத்தில் பையைத் தூக்கிக்கொண்டு ஒரே கட்டடத்துக்குள் செல்லும் வழக்கம்தான் புதியது. ஆயினும் நம் முன்னோர் வீட்டுக் கல்வியை எவ்வாறு நடத்தினர் என்பதை அறியாமல், "அக்காலத்தில் எல்லாரும் வீட்டில்தானே படித்தார்கள்" என்று மட்டும் சொல்லிக்கொண்டு இறங்குவது ஆபத்தானது. ஆகவே இரண்டையும் சேர்த்தே இங்கு எழுதுகிறோம்.

மக்காவில் இஸ்லாத்தின் முதற்பாடசாலை ஒரு வீடு. அர்கம் (ரலி) அவர்களின் அவ்வீட்டில்தான் தொடக்ககால ஸஹாபிகள் குர்ஆனைக் கற்றனர். மதீனாவில் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் சிறு அறை, அண்ணலார் (ஸல்) அவர்களின் மறைவுக்குப் பின்னரும் பல்லாண்டுகள் பாடசாலையாகவே விளங்கிற்று. அங்குக் கற்றவர்களில் அவர்களுடைய சகோதரி மகன் உர்வாவும், சகோதரர் மகன் காஸிமும் இருந்தனர். அன்னையின் அரவணைப்பில் வளர்ந்த அம்ரா பின்த் அப்துர் ரஹ்மான் பிற்காலத்தில் ஹதீஸ் கலையில் எத்தகைய சான்றாகக் கருதப்பட்டார் என்பதை ஆலிம்கள் அறிவர். ஸயீத் இப்னுல் முஸய்யிப் (ரஹ்) அவர்களின் மகளைப் பற்றிய செய்தியை நம் மாணவர்களுக்கு நாம் அடிக்கடி சொல்வதுண்டு. அவர் தம் மகளை ஏழை மாணவர் ஒருவருக்கு மணமுடித்துக் கொடுத்தார். மணமான சில நாட்களில் அம்மாணவர் ஆசிரியரின் பாடத்துக்குப் புறப்பட்டபோது, தந்தையின் இல்மைத் தாமே கற்பிப்பதாகச் சொல்லி அவரை வீட்டிலேயே அமரச் செய்தார் அம்மகள். அவர் கற்றதெல்லாம் தந்தையின் வீட்டில்தான்.

இவற்றைக் கேட்கும் பெற்றோரின் முகம் மலர்ந்துவிடுகிறது. அந்த இடத்தில் நாம் இன்னொரு செய்தியையும் சேர்த்துச் சொல்வோம். பத்ருப் போரில் சிறைப்பட்ட குறைஷியரில் எழுதப்படிக்கத் தெரிந்தவர்களுக்கு விடுதலைத் தொகையாக விதிக்கப்பட்டது என்ன? அன்ஸாரிப் பிள்ளைகளுக்கு எழுத்துக் கற்றுக்கொடுப்பது. அதாவது மதீனாவின் சிறுவர்களுக்கு எழுத்தறிவித்தவர்களில், நேற்றுவரை வாளேந்தி எதிர்த்து நின்றவர்களும் இருந்தனர். அன்னை ஹஃப்ஸா (ரலி) அவர்களுக்கு எழுதக் கற்பித்தவர் ஷிஃபா பின்த் அப்துல்லாஹ் (ரலி) என்னும் வெளிப்பெண்மணி. கல்வி நிகழ்ந்த இடம் வீடு. கற்பித்தவர் எப்போதும் வீட்டார் மட்டுமே என்று எண்ணிவிடக் கூடாது. எது யாரிடம் இருக்கிறதோ, அது அவரிடமிருந்து பெறப்பட்டது.

நம் தென்னகத்துக்கு வருவோம். 14ஆம் நூற்றாண்டில் மேற்குக் கரை வழியாகப் பயணம் செய்த இப்னு பதூதா, இன்றைய கர்நாடகத்திலுள்ள ஹொன்னாவரில் பெண்கள் குர்ஆனை மனனம் செய்திருந்ததைக் கண்டு வியந்தார். அவ்வூரில் பெண்பிள்ளைகளுக்கு 13 பாடசாலைகளும் ஆண்பிள்ளைகளுக்கு 23 பாடசாலைகளும் இருந்தன என்றும், வேறெங்கும் தாம் இதைக் கண்டதில்லை என்றும் எழுதிவைத்தார். (திருவண்ணாமலையைத் தலைநகராகக் கொண்டிருந்த ஹொய்சள மன்னர் மூன்றாம் வல்லாளரின் துயர முடிவைப் பதிவு செய்தவரும் இதே பயணிதான். அம்மன்னரின் பெயரைத் தாங்கிய வல்லாள கோபுரத்தைக் கடந்து செல்லும் நம் பிள்ளைகளுக்கு இந்தத் தொடர்பைச் சொன்னால் வரலாற்றுப் பாடம் அங்கேயே தொடங்கிவிடும்.)

எண்ணிக்கையோடு கூடிய சான்று ஒன்று 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிடைக்கிறது. சென்னை மாகாண ஆளுநராக இருந்த தாமஸ் மன்றோ, 1822இல் எல்லா மாவட்டக் கலெக்டர்களிடமிருந்தும் கல்வி நிலை பற்றிய விவரம் கேட்டார். விவரங்கள் வந்து சேர்ந்தபின் 1826 மார்ச்சில் அவர் எழுதிய குறிப்பில், சென்னை நகரில் வீட்டில் கற்போர் 26 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் என்றும், பள்ளிகளில் படிப்போரைப் போல் அது ஐந்து மடங்குக்கும் மேல் என்றும் காண்கிறோம். எண்ணில் பிழை இருக்கலாம் என்று மன்றோவே ஐயுற்றார் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆயினும், உறவினரிடமோ தனி ஆசிரியரிடமோ வீட்டில் கற்கும் வழக்கம் நாட்டின் எப்பகுதியிலும் அரிதன்று என்று அவர் உறுதியாகவே எழுதினார். அதே கணக்கெடுப்பில் மலபார் மாவட்டப் பள்ளிகளில் முஸ்லிம் ஆண்பிள்ளைகள் 3,196 பேரும் பெண்பிள்ளைகள் 1,122 பேரும் பயின்றதாகப் பதிவாகியுள்ளது. மாகாணத்தின் பிற பகுதிகளில் பெண்பிள்ளைகள் பள்ளியில் பயில்வது மிக அரிதாக இருந்த காலம் அது. காந்தியரான தரம்பால் இவ்வாவணங்களைத் திரட்டி 1983இல் நூலாக வெளியிட்டதால்தான் இன்று நாம் இவற்றை எளிதில் அறிய முடிகிறது.

அக்கால வீட்டுக் கல்வி நம்மவரிடையே எப்படி நடந்தது? கடற்கரை ஊர்களில் அதன் உயிர்நாடி அரபுத் தமிழ். தமிழ்ச் சொற்களை அரபு எழுத்தில், தமிழுக்கே உரிய ஒலிகளுக்குச் சில எழுத்துகளைத் திருத்தி அமைத்துக்கொண்டு எழுதும் முறை அது. குர்ஆன் ஓதுவதற்காக அரபு எழுத்தைக் கற்ற ஒரு பெண், அதே எழுத்தறிவைக் கொண்டு தன் தாய்மொழியில் மார்க்கச் சட்டத்தையும் வாசிக்க முடிந்தது. காயல்பட்டினத்தில் பிறந்து கீழக்கரையில் வாழ்ந்த இமாமுல் அரூஸ் மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (ரஹ்) அவர்கள் 19ஆம் நூற்றாண்டில் இவ்வெழுத்தில் எழுதிய நூல்கள் தமிழகத்திலும் இலங்கையிலும் வீடுவீடாகச் சென்றன. ஆசிரியர் வராத வீட்டிலும் புத்தகம் ஆசிரியராக அமர்ந்தது. கீழக்கரையின் ஞானப் பாடல் புலவர் செய்யிது ஆசியா உம்மாவை ஊரார் 'மேல்வீட்டுப் பிள்ளை' என்று அழைத்தனர். மேல்மாடியில் தனித்திருந்து வணக்கத்திலும் பாடலிலும் வாழ்ந்த அவர், அந்த வீட்டுக் கல்வியின் விளைச்சல்.

நம் பகுதியின் நிலை சற்று வேறு. வடஆர்க்காட்டுப் பக்கத்தில் வீட்டில் உருதுவும் தெருவில் தமிழும் பேசும் குடும்பங்கள் பல. தமிழே பேசும் லெப்பைக் குடும்பங்களும் உண்டு. இங்கு மூன்று எழுத்துகளைப் பிள்ளைகள் சிறுவயதிலேயே சந்திக்கின்றனர். வேலூர் பாக்கியாத்துஸ் ஸாலிஹாத் மதரஸாவே, அஃலா ஹஜ்ரத் அப்துல் வஹ்ஹாப் (ரஹ்) அவர்கள் தம் இல்லத்தில் ஒரு சிலருக்குப் பாடம் சொல்லத் தொடங்கியதிலிருந்து வளர்ந்தது என்று அங்கு ஓதியவர்கள் வழிவழியாகச் சொல்லி வருகின்றனர்.

இவ்வளவும் பெருமைக்குரிய பக்கம். இதற்கு ஒரு நிழல் உண்டு.

வீட்டில் கற்பது என்னும் சொல், பெண்பிள்ளைகள் விஷயத்தில் நெடுங்காலம் ஒரு போர்வையாகவும் பயன்பட்டிருக்கிறது. வயதுக்கு வந்ததும் பள்ளியை நிறுத்திவிட்டு, "வீட்டில் ஓதுகிறாள்" என்று சொல்லிவிடுவார்கள். சில மாதங்களில் ஓதலும் நின்றுவிடும். அடுப்படி மட்டும் எஞ்சும். இதை எதிர்த்து நம் சமுதாயத்துக்குள்ளேயே குரல் எழுந்தது. கண்டியில் பிறந்த வழக்கறிஞர் சித்தி லெப்பை (1838–1898) 1882இல் 'முஸ்லிம் நேசன்' இதழைத் தொடங்கிக் கல்விக்காக வாதாடினார். வாதத்தோடு நில்லாமல் கண்டியில் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளியும் திறந்தார். அதில் கற்பிக்கும் பொறுப்பை ஏற்றவர் அவருடைய சகோதரி முத்து நாச்சியா. பிறர் வீட்டுப் பெண்களுக்கு உபதேசம் செய்யுமுன் தம் வீட்டுப் பெண்ணை ஆசிரியையாக்கினார் என்பதுதான் நம்மை இங்கு நிறுத்தி யோசிக்க வைக்கிறது.

நாகூரைச் சேர்ந்த சித்தி ஜுனைதா பேகத்தின் வாழ்க்கையையும் பெற்றோர் அறிந்திருக்க வேண்டும். 1917இல் பிறந்த அவருக்குப் பள்ளிப்படிப்பு மூன்றாம் வகுப்போடு முடிந்துவிட்டது. அதன்பின் கற்றதெல்லாம் வீட்டில், வாசிப்பின் வழியாக. 1938இல் அவருடைய 'காதலா கடமையா' நாவல் வெளிவந்தபோது அதற்கு முன்னுரை வழங்கியவர் தமிழ்த் தாத்தா உ.வே.சாமிநாதையர். இதைப் படித்துவிட்டு, "பார்த்தீர்களா, மூன்றாம் வகுப்பே போதும்" என்று சொல்வோரை நாம் கண்டிருக்கிறோம். அப்படிச் சொல்வது அந்த அம்மையாருக்குச் செய்யும் அநீதி. அவரோடு பள்ளியை விட்ட பெண்கள் அவ்வூரிலும் பிற ஊர்களிலும் எத்தனையோ பேர். அவர்களில் நாவல் எழுதியவர் எத்தனை பேர்? ஜுனைதா பேகத்துக்கு வாய்த்த ஊர் புலவர்கள் நிறைந்த ஊர். எழுதியதை அவர் பெட்டிக்குள் வைத்துப் பூட்டவில்லை. தமிழின் மிகப்பெரிய அறிஞர் ஒருவரின் கண்ணுக்கு அது சென்று சேர்ந்தது. நூல் வரவும் வெளியாரின் மதிப்பீடும் இல்லாத வீட்டில் பிள்ளை கற்பதில்லை, காத்திருக்கிறது, அவ்வளவே.

மதரஸாவில் ஓதியவர்களுக்கு இது புதிய செய்தியாக இராது. நம் மரபில் ஒருவர் எவ்வளவு கற்றிருந்தாலும் இஜாஸா இன்றிக் கற்பிக்க அமர்வதில்லை. தந்தையிடமே குர்ஆனை மனனம் செய்த பிள்ளையும் வேறோர் உஸ்தாதின் முன் அமர்ந்து முழுவதையும் ஒப்பிக்கிறது. தந்தைக்கு மகனின் பிழை கேட்காமல் போகலாம். அன்பு காதை அடைத்துவிடும். வீட்டுக் கல்வி தொடங்கும் பெற்றோருக்கு நாம் சொல்லும் முதல் யோசனை இங்கிருந்தே பிறக்கிறது. கணக்கோ தமிழோ ஆங்கிலமோ, மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது வீட்டாரல்லாத ஒருவர் பிள்ளையின் நோட்டைப் பார்க்கட்டும். தெருவில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இல்லாமலா போவார்? அவர் எம்மதத்தவராயினும் மரியாதையோடு கேட்டால் மறுக்க மாட்டார். பத்ருக் கைதிகளிடம் கற்ற பிள்ளைகளின் வழிவந்தவர்கள் நாம்.

நேரம் பற்றிப் பெற்றோர் மிகவும் கலங்குகின்றனர். பள்ளியில் காலை முதல் மாலை வரை படிக்கிறார்களே, நாமும் அத்தனை மணி நேரம் உட்கார வைக்க வேண்டாமா என்று கேட்கிறார்கள். வேண்டியதில்லை. பள்ளிக்கூட நேரத்தில் நாற்பது பிள்ளைகளை அமைதிப்படுத்தவும், வருகை எடுக்கவும், நோட்டுத் திருத்தவும் போகும் பொழுது பாதி. தாயோ தந்தையோ ஒரு பிள்ளையின் அருகில் அமர்ந்து கற்பிக்கும்போது, தொடக்க வகுப்புக்கு இரண்டு, மூன்று மணி நேரம் தாராளம். ஃபஜ்ருக்குப் பின் குர்ஆன். காலை உணவுக்குப் பின் கணக்கும் மொழியும். அஸருக்குப் பின் விளையாட்டு. இதற்குமேல் அட்டவணை போட்டுச் சுவரில் ஒட்டுவோரின் அட்டவணை இரண்டாம் வாரத்தில் கிழிவதைக் கண்டு வருகிறோம். பள்ளியிலிருந்து அண்மையில் நின்ற பிள்ளைக்குச் சில வாரங்கள் ஓய்வே கொடுங்கள். ஏதேனும் வேதனையோடு வந்த பிள்ளையாயின் இன்னும் கூடுதலாக.

தந்தையருக்கு ஒரு சொல். இமாம் மாலிக் (ரஹ்) அவர்களைத் தலைப்பாகை கட்டிப் பாடத்துக்கு அனுப்பியவர் தாய். இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களை வறுமையிலும் கற்க வைத்தவர் தாய். இவற்றை மேடைகளில் கேட்டுக் கேட்டு, பிள்ளைக் கல்வி முழுவதும் தாய்மாரின் வேலை என்று முடிவு கட்டிவிட்டோம். இமாம் ஷாஃபிஈ தந்தையற்றவர் என்பதை மறந்துவிட்டோம். நீங்கள் உயிரோடிருக்கிறீர்கள். சமையல், கைக்குழந்தை, மாமியாரின் மருந்து என்று ஓடும் ஒரு பெண்ணின் தலையில் ஐந்து பாடங்களையும் ஏற்றிவிட்டு, மாலையில் கடையிலிருந்து வந்து "இன்று என்ன படித்தான்?" என்று விசாரணை நடத்துவது அமானிதத்தை நிறைவேற்றுவதாகாது. கடைக் கணக்கே ஒரு பாடம். பிள்ளையை அருகில் அமர்த்தி விலைப்பட்டியலைக் கூட்டச் சொல்லுங்கள். மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடையில் அரை மணி நேரம் உங்களுடையதாகட்டும்.

"பிள்ளை தனித்துப்போய்விடுமே" என்று உறவினர் கேட்பார்கள். அக்கேள்வியைப் புறந்தள்ளாதீர்கள், அதில் நியாயம் இருக்கிறது. அர்கமின் வீட்டிலும் அன்னையின் அறையிலும் ஒற்றை மாணவர் இருந்ததில்லை. கற்பிக்கும் குடும்பங்கள் இரண்டு மூன்று இருந்தால் வாரத்தில் இருநாள் ஒரு வீட்டில் கூடலாம். மாலை மக்தபில் பிற பிள்ளைகளோடு ஓத அனுப்பலாம். 2021 அக்டோபரில் அரசு 'இல்லம் தேடிக் கல்வி' திட்டத்தை மரக்காணம் பகுதியில் தொடங்கியபோது, தன்னார்வலர்களாக முன்வந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். வீட்டு வாசலில் இருபது பிள்ளைகளைக் கூட்டிவைத்து அவர்கள் கற்பித்தது, ஒரு நூற்றாண்டுக்கு முன் மறைந்த திண்ணைப் பள்ளியைத்தான் நமக்கு நினைவூட்டியது. அந்த அனுபவமுள்ள பெண்கள் நம் தெருக்களிலும் இருக்கிறார்கள்.

ஊரையும் பாடமாக்குங்கள். மாடியில் ஏறினால் மலை தெரியும். காலையிலும் மாலையிலும் நிழல் எப்பக்கம் விழுகிறது என்று ஒரு மாதம் குறித்து வரச் சொன்னால், தொழுகை நேரம் ஏன் நகர்கிறது என்பது பிள்ளைக்குத் தானே விளங்கும். தென்பெண்ணையின் குறுக்கே சாத்தனூர் அணை இருக்கிறது. சவ்வாது மலையில் காவலூர் வானாய்வு நிலையத்தில் 2.34 மீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கி இருக்கிறது. பிறை பார்த்து நோன்பு நோற்கும் சமுதாயத்துப் பிள்ளைகள் அதை ஒருமுறையேனும் கண்டு வரவேண்டாமா? பௌர்ணமி நாளில் கிரிவலக் கூட்டத்தால் ஊரே நெரிசலாகும். அன்று வெளியே கிளம்ப வேண்டாம், நூல் வாசிப்புக்கு ஒதுக்கிவிடலாம் என்று நம்மிடம் சொன்ன ஒரு தாயின் யோசனையும் நன்றே.

இனிச் சட்டமும் சான்றிதழும். இவற்றில் அலட்சியம் கூடாது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது. 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளையை அருகமைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்று அதன் 10ஆம் பிரிவு கூறுகிறது. வீட்டில் கற்பிக்கும் பெற்றோருக்கு அச்சட்டம் தண்டனை எதுவும் விதிக்கவில்லை. அதே வேளையில் வீட்டுக் கல்வியை வெளிப்படையாக அங்கீகரிக்கவும் இல்லை. 2012இல் வந்த திருத்தம் மதரஸாக்களைச் சட்டத்தின் வரம்பிலிருந்து விலக்கியது. அதைக் காட்டி, உலகக் கல்வியே தேவையில்லை என்று வாதிடுவோர் நம்மிடையே இருக்கிறார்கள். திருத்தம் அப்படி எதுவும் சொல்லவில்லை.

ஆகவே பிள்ளை தேர்வெழுதும் வழியை முதல் நாளிலேயே தீர்மானியுங்கள். 1989இல் நிறுவப்பட்ட தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தின் வழியாக 14 வயது நிறைந்தவர்கள் பத்தாம் வகுப்புக்கு நிகரான தேர்வை எழுதலாம். அதற்கு முன்னரே மூன்று, ஐந்து, எட்டாம் வகுப்புகளுக்கு நிகரான நிலைகளும் அங்கு உண்டு. நம் மாநிலத் தேர்வுத் துறை நடத்தும் எட்டாம் வகுப்புத் தனித்தேர்வை பன்னிரண்டரை வயது நிறைந்தவர்கள் எழுதலாம். அதில் தேறியபின் பத்தாம் வகுப்பையும் தனித்தேர்வராக எழுத வழியுண்டு. எந்தச் சான்றிதழை எந்தக் கல்லூரி ஏற்கும், எந்த வேலைக்கு அது செல்லும் என்பதைப் பணம் கட்டுமுன் நேரில் சென்று கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பிறப்புச் சான்றிதழிலும் ஆதாரிலும் பெயரின் எழுத்துகள் ஒன்றாக இருக்கின்றனவா என்று இப்போதே பாருங்கள். முஹம்மத், முகமது, முகம்மது என்று மூன்று ஆவணங்களில் மூன்று விதமாக எழுதப்பட்ட பிள்ளை தேர்வு விண்ணப்ப நேரத்தில் படும் பாடு நமக்குத் தெரியும்.

பெண்பிள்ளையைப் பெற்றவர்கள் இதை இருமடங்கு கவனத்தோடு செய்ய வேண்டும். மகனுக்குத் தேர்வு, மகளுக்கு ஓதல் மட்டும் என்று ஒரே வீட்டில் இரண்டு சட்டம் வைக்காதீர்கள். மகளுக்கு வீட்டிலேயே போதுமென்று சொல்லி ஆலோசனைக்கு வரும் தந்தையிடம் நாம் மூன்று கேள்விகள் கேட்பது வழக்கம். அவளுக்கு யார் கற்பிக்கிறார்? எந்தத் தேர்வை எந்த ஆண்டில் எழுதப்போகிறாள்? கடைசியாக அவள் கையில் எப்போது புதிய புத்தகம் ஒன்று வந்தது? மூன்றுக்கும் உடனே விடை சொல்பவரோடு அமர்ந்து பாடத்திட்டம் பேசுவோம். சொல்ல இயலாதவரிடம், அந்த வருடத்துக்கான பள்ளிச் சேர்க்கை முடிவதற்குள் மகளை மீண்டும் சேர்த்துவிடும்படி வேண்டிக்கொள்கிறோம்.